ஒன்பதாவது மிஸ்டு கால்

குழாய் முதலில் இருமும். வறட்டு இருமல் இரண்டு மூன்று. பிறகு கொஞ்ச நேரம் வெறும் காற்று. அதற்கப்புறம் துரு நிறத்தில் அரைக் குடம் தண்ணீர் வந்து சாக்கடைக்குப் போகும். அது தெளிவதற்குள் நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒன்பது பேருக்கு மிஸ்டு கால் கொடுத்து முடித்திருக்க வேண்டும். எங்கள் சந்தில் எனக்கு இருக்கிற ஒரே உத்தியோகம் இதுதான். பஞ்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். அங்கே கூட என்னை இத்தனை பேர் எதிர்பார்த்ததில்லை.

கோவில்பட்டியில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது. எதிரே ஒருவர் குடை பிடித்து வந்தால் இன்னொருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் சுவரோடு சுவர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வீட்டுக்கு வீடு குழாய் போட்டாகிவிட்டது என்றாலும் சந்து மேட்டில் இருப்பதால் அதிலெல்லாம் பெருமூச்சு மட்டும்தான் வரும். என் வீட்டுச் சுவரை ஒட்டிப் பள்ளத்தில் நிற்கிற பழைய தெருக்குழாயில்தான் ஆற்றுத் தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம். எட்டு நாளைக்கு ஒரு தடவை, காலை பத்து மணிவாக்கில் வரும். இரண்டு மணி நேரம் இருக்கும்.

மிஸ்டு காலுக்கு ஒரு முறை உண்டு. முதல் கால் வெயிலம்மாளுக்கு. கடைசி வீடு, எழுபத்தெட்டு வயசு, இரண்டு முழங்காலும் போச்சு. இப்போது கிளம்பினால்தான் தண்ணீர் தெளியும்போது வந்து சேருவாள். ஜானகியம்மாளுக்குக் காது மந்தம், அதனால் மூன்று ரிங் விட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரே ரிங். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால், "மிஸ்டு காலை எடுத்துட்டா பாரு, கூறுகெட்ட மூதி" என்று அன்றைக்கு முழுக்க அவள்தான் குழாயடிக்குப் பேச்சு. கையில் குடம் இருக்கும்போது போன் எதற்கு என்று எல்லாரும் போனை வீட்டிலேயே போட்டுவிட்டு வருவார்கள். குழாயடியில் சட்டைப் பையில் போனோடு நிற்பவன் நான் ஒருவன்தான்.

ஒன்பதாவது கால் ராதாமணிக்கு. அவள் எங்கள் சந்தில் இல்லை.

சொன்னால் சிரிப்பு வரும். போன வருஷம் ஆவணியில் அவளுடைய மகன் பாலகணேஷ் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். பைபாஸுக்கு அந்தப் பக்கம், கரிசல்காட்டைப் பிளாட் போட்டு விற்ற நகர் ஒன்றில் புது வீடு கட்டியிருந்தான். தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு அட்டை சப்ளை செய்கிறவன், நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். நாற்பத்து மூன்று வருஷம் அவள் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி, அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனான். சந்து மொத்தமும் முனை வரைக்கும் வந்து நின்றது. அவள் அழவில்லை. "ஏட்டி உமாதேவி, வாசக் கேட்ட உள்ள இழுத்துப் பூட்டணும், வெளிய தள்ளுனா மாட்டிக்கிடும்" என்று, வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டே போனாள்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது. நான் வழக்கம்போல் வெயிலம்மாளில் ஆரம்பித்தேன். விரல் தானாகப் போய் ராதாமணி பெயரையும் அழுத்திவிட்டது. ரிங் போன பிறகுதான் புத்தி வந்தது. சரி, பழக்க தோஷம், அவளும் புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், சந்து முனையில் ராதாமணி வந்துகொண்டிருக்கிறாள். கையில் பர்ஸ், நெற்றியில் வியர்வை.

"டவுன்பஸ் இப்பதான் வந்துச்சு அண்ணாச்சி. வரிசை போயிட்டா?" என்றாள்.

வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழாயைப் பார்த்தேன். முதலில் சிரித்தவள் வெயிலம்மாள்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தோம், ராதாமணியும் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் விட்டுப்போன மஞ்சள் பிளாஸ்டிக் குடம் என் வீட்டில்தான் கிடந்தது. கழுத்தில் நகப்பாலிஷால் 'ரா' என்று எழுதியிருக்கும். எடுத்துவந்து கொடுத்தேன். பிடித்தாள். பிடித்த தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் என் அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

அதிலிருந்து ஒரு தண்ணீரும் தப்பவில்லை. நானும் ஒன்பதாவது காலை நிறுத்தவில்லை. வீட்டில் அம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். வந்து, சேலையை இழுத்துச் செருகி, வரிசையை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பாள். யார் குடம் முன்னால் நகர்ந்திருக்கிறது, யார் குடத்துக்கு மூடி இல்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று ஒரே பார்வையில் எடுத்துவிடுவாள். எங்கள் வரிசையின் சட்டமெல்லாம் அவள் போட்டதுதான். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. தண்ணீர் வரும்போது வரிசையில் இல்லாத குடத்துக்குக் கடைசி இடம், அது யாராக இருந்தாலும் சரி. ஒருதடவை அவளுடைய சொந்த நாத்தனாரையே கடைசியில் போய் நிற்கச் சொன்னாள், அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு இரண்டு தீபாவளிக்கு வரவில்லை.

"அங்கன போருத் தண்ணியே அருவி மாதிரி கொட்டுது அண்ணாச்சி. சுத்தம் பண்ணுத மிஷினும் வச்சிருக்கான்" என்று அவளே சொல்லுவாள். "மூணு பிளாட்டு தள்ளித்தான் அடுத்த வீடு. அவியளும் வேலைக்குப் போயிருதாவ. பகல் முழுக்க மிக்சி சத்தம் கேட்டா அது எங்க வீட்டு மிக்சிதான்." குறை சொல்லும் குரலாக இருக்காது. மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை.

இவள் எட்டு நாளைக்கொரு முறை வருவதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி பெத்தம்மாள் போய்ச் சேர்ந்தாள். காரியம் எல்லாம் முடிந்து மகளும் திருப்பூருக்குப் போனபிறகு, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். கடையில் வாங்கித் தின்றேன், கேன் தண்ணீர் குடித்தேன், யாரோடும் பேசவில்லை. ஒருநாள் காலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ராதாமணி நிற்கிறாள்.

"பெத்தம்மா மதினி குடம் வரிசையில நிக்குது. ஆளு எங்கன?" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். பெத்தம்மாளின் பச்சைக் குடம் வெயிலம்மாள் குடத்துக்குப் பின்னால் நின்றது. வெளியே படியில் கிடந்ததை எப்போது வந்து எடுத்துப் போனாளோ தெரியாது. அதுவரைக்கும் நான் ஒரு குடம் தண்ணீர் பிடித்ததில்லை, எங்கள் சந்தில் எந்த ஆம்பளையும் பிடித்ததில்லை. வெட்கத்தைப் பார்த்தால் குடம் அனாதையாக நிற்கும். போனேன். இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்து, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். பின்னால் அத்தனை பேரும் சிரித்தார்கள். பெத்தம்மாள் போனபிறகு அன்றைக்குத்தான் நான் அழுதேன், அந்தச் சிரிப்புச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. அடுத்த தண்ணீருக்கு, "சும்மாதான இருக்கிய, இனி எல்லாருக்கும் மிஸ்டு கால் குடுக்குறது உங்க பொறுப்பு" என்று ஒரு தாளில் எட்டு நம்பர் எழுதித் தந்துவிட்டாள், உமாதேவி வந்தபிறகுதான் அது ஒன்பதானது. மில்லில் கூட எனக்கு இப்படி யாரும் உத்தரவு போட்டதில்லை.

போன மாதம் பாலகணேஷ் என் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் வராத நாள். காரை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மாமா, அம்மாவுக்கு நீங்க மிஸ்டு கால் குடுக்குதியளா?"

"ஆமாய்யா."

"கோயிலுக்குப் போறேன்னுட்டு இங்கன வருதாவ. எனக்குத் தெரியாது மாமா. போன தடவை காலு வீங்கி வந்தாவ. கோயில் படியில தவறிட்டுன்னு சொன்னாவ. பஸ் கண்டக்டரு எனக்குத் தெரிஞ்சவரு, அவருதான் சொல்லுதாரு, பஸ் படியில விழுந்திருக்காவ."

போன தண்ணீருக்கு அவள் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். கேட்டதற்கு, சுளுக்கு என்றாள்.

"நீயே ஒரு எட்டு காருல கூட்டியாந்து விடக்கூடாதாய்யா?"

"பத்து மணிக்குத்தான் மாமா லோடு ஏத்துத நேரம். அதுவும் போக..." டம்ளரைத் தரையில் வைத்தான். "என் வீட்டுல இல்லாத தண்ணியா? சப்ளைக்குப் போற கம்பெனியில ஒருத்தரு கேக்காரு, அம்மாவத் தெருக்குழாயில பாத்தேனே, வீட்டுல தண்ணிக் கஷ்டமான்னு. நான் என்ன மாமா பதில் சொல்ல? பெத்தவளுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்காதவன்னுதான நினைப்பாவ?"

எனக்குக் கோபம் வந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதற்காகவா அவளைக் கூண்டில் போடுவாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது.

"பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்காவ மாமா. ஒரு சாணு. கண்டக்டர் கையால அளந்து காட்டுதாரு."

அவனும் கையை விரித்து ஒரு சாண் காட்டினான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதே வீட்டில் என் சைக்கிள் பம்ப்பைக் கேட்டு வந்து நின்றவன்.

"நீங்க கூப்பிடாட்டா வர மாட்டாவ மாமா. நான் சொன்னா சண்டைக்கு வருவாவ. நீங்க அடிக்காம விட்டுட்டா, கொஞ்ச நாள்ல பழகிரும்."

"சரிய்யா. இனி அடிக்கல" என்றேன்.

அவன் போனபிறகு டம்ளரைக் கழுவக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நேராக அவளிடமே, ராதாமணி, நீ வரவேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வதுதான் மரியாதை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. அவள் கேள்வி கேட்பாள். நான் உளறுவேன். அதனால் கோழைக்குத் தோதான வழியாக, சும்மா இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எட்டாம் நாள் குழாய் இருமியது. கண்ணாடியை மாட்டினேன். வெயிலம்மாள், ஜானகியம்மாள் மூன்று ரிங், உமாதேவி, அப்படியே எட்டுப் பேர். ஒன்பதாவது பெயரில் விரல் நின்றது. திரை தானாக அணைந்தது. மறுபடி தொட்டு எரியவிட்டேன். மறுபடி அணைந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பச்சைக் குடத்தை மட்டும் எடுத்து வெளியே வந்தேன். மஞ்சள் குடம் அடுப்பங்கரை மூலையிலேயே இருந்தது.

வரிசை சேர்ந்தது. வெயிலம்மாள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "ராதாமணி குடம் எங்கய்யா?" என்றாள்.

"வந்ததும் எடுத்துக்கிடுவா."

"அடிச்சாச்சுல்லா?"

"அடிச்சாச்சு, அடிச்சாச்சு."

எழுபத்தோரு வயசில் கூசாமல் பொய் சொன்னேன். ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்து வேகமாக விழுந்தது. ஒவ்வொருத்தியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருதரம் சந்து முனையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். சத்தமே இல்லை. ராதாமணி வந்தால் ஏதாவது ஒரு சண்டையாவது நடக்கும். அன்றைக்கு உமாதேவியின் குடம் ஜானகியம்மாள் குடத்தை முந்தி நின்றது, அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

பத்தே முக்கால் இருக்கும். சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், ராதாமணி. அடித்து ஓயும்வரை கையில் வைத்திருந்தேன். பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். "மக பேசுதா, அப்புறம் பேசிக்கிடலாம்" என்றேன். மறுபடி அடித்தது. மறுபடி. நாலாவது தடவை அடிக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை, எடுத்துவிடுவேனோ என்று பயந்து பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தே போட்டேன். பெத்தம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட நான் போனை அணைத்ததில்லை. ஒரு பெரிய தப்பு செய்கிறேன் என்று நெஞ்சு சொன்னது, ஆனால் என்ன தப்பு என்று அப்போது பிடிபடவில்லை.

தண்ணீர் கொஞ்சம் இளைக்கத் தொடங்கியபோது மெயின் ரோட்டில் ஒரு கார் பிரேக் போடும் சத்தம் கேட்டது. சந்து முனையில் ராதாமணி தெரிந்தாள்.

அவளை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததே இல்லை. கொசுவம் வைத்துச் சேலை கட்டாமல் பால் வாங்கக்கூட வெளியே வராதவள். வீட்டில் கட்டிய பழைய நூல்சேலை, தலை பாதி முடிந்தும் முடியாமலும், காலில் செருப்பு இல்லை. வலது கையில் முழங்கை வரைக்கும் தோசை மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஓடி வந்தாள். பின்னால் பாலகணேஷ், "யம்மா மெதுவா, யம்மா" என்று கத்திக்கொண்டே வந்தான்.

நான் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு எதிர்வீட்டுப் படியில் தொப்பென்று உட்கார்ந்து, மாவுக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னட்டி ஆச்சு?" என்று வெயிலம்மாள் பதறினாள்.

"ஒண்ணுமில்லக்கா. இவிய உசுரோட நிக்காவளே, அது போதும்" என்றாள். குரல் கிழிந்து வந்தது. அப்புறம் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எட்டு நாளாச்சேன்னு காலையிலருந்து போன மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். பத்து மணியாச்சு, பத்தரையாச்சு, கால் வரல. தண்ணி வராம இருந்தாலும் வரலன்னு ஒரு வார்த்தை சொல்லுவியளே. நான் அடிச்சா எடுக்கல. நாலு தரம் எடுக்கல. அப்புறம் சுவிட்ச் ஆப்புங்கான். இந்தா, இந்த அக்காவுக்கு அடிச்சேன், எடுக்கல. ஜானகி எடுக்கல. உமாதேவி எடுக்கல. தண்ணியும் வரல, சந்துல ஒருத்தியும் போன எடுக்கலன்னா என்ன அர்த்தம்? எல்லாரும் உங்க வீட்டு வாசல்லதான் நிக்கணும்."

உமாதேவி போன் கிடக்கிற தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன மாசம் குளிக்கத அறையில வழுக்குச்சின்னு சொன்னியள்லா. அங்கனதான் கிடக்கியன்னு நினைச்சேன். கதவ உள்ள பூட்டிட்டுக் குளிப்பியளே, யாரு உடைப்பாவன்னு... இவனுக்கு அடிச்சு வரச்சொல்லி, காருல வர வழியெல்லாம் அதேதான்" என்றாள். மூக்கைச் சேலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "பெத்தம்மா மதினி முகத்த நான் எப்படிப் பாக்கன்னு..."

செத்துப்போன பெத்தம்மாளின் முகத்தை இவள் எப்படிப் பார்ப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்குப் புரிந்தது. என் குடம் நிரம்பி வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குழாயடியில் ஒரு குடம் வழிந்து ஓடி நான் பார்த்ததில்லை. ஆறு வருஷமாக நான் இவர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நான் இருக்கிறேன் என்று எட்டு நாளைக்கு ஒருமுறை இவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது, அது எனக்கே தெரியவில்லை.

"சார்ஜ் இல்ல ராதாமணி. போன் அணைஞ்சிட்டு" என்றேன்.

பாலகணேஷ் என்னைப் பார்த்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. என் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவன் தப்பித்திருக்கலாம். காரில் வரும்போதும் அவன் சொல்லியிருக்கவில்லை என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவனும் பாதி வழியில் பயந்துதான் போயிருப்பான், மாமா அடிக்காமல் விட்டதற்கும் போனை அணைத்ததற்கும் வேறு காரணம் இருக்குமோ என்று.

"நாந்தாம்மா மாமாகிட்ட அடிக்க வேண்டாம்னு சொன்னேன்" என்றான். "நீங்க பஸ்ஸுல விழுந்தது எனக்குத் தெரியும்."

சண்டை வெடிக்கப் போகிறது என்று நான் நினைத்தேன். எல்லாரும் நினைத்தோம், உமாதேவி குடத்தைக் கீழேயே வைத்துவிட்டாள். ராதாமணி மகனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் என்னை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவன் சின்னப் பய, அவனுக்குத் தெரியாது" என்றாள் என்னிடம். "உங்களுக்குமா தெரியல?"

தலையைக் குனிந்துகொண்டேன். எழுபத்தோரு வயசில் ஒரு மனுஷி முன்னால் தலைகுனிந்து நிற்பது ஒன்றும் அவமானமாகப் படவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். தலையை இழுத்து முடிந்தாள். குழாயில் கையைக் காட்டி மாவைக் கழுவினாள். பிறகு வரிசையை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி உமாதேவி, ஒன் குடம் ஜானகிக்கு முன்னால எப்பம் வந்துச்சு?"

உமாதேவி அவசரமாகக் குடத்தைப் பின்னால் நகர்த்தினாள். ஜானகியம்மாளுக்கு என்ன நடந்ததென்று காதில் விழவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

நான் உள்ளே போய் மஞ்சள் குடத்தை எடுத்து வந்தேன். பழைய இடத்தில், வெயிலம்மாள் குடத்துக்குப் பின்னால் வைக்கப் போனபோது, "அங்கன எதுக்கு வைக்கிய?" என்றாள். "தண்ணி வரும்போது வரிசையில இல்ல. கடைசியிலதான் நிக்கணும்."

"ஏ ராதாமணி, போதும்ட்டி. நம்ம எல்லாரும் விட்டுக்குடுக்கோம், நீ பிடிச்சிட்டுப் போ. காலு வேற இப்படி வீங்கிக் கெடக்கு" என்றாள் வெயிலம்மாள்.

"எங்க நாத்தனாரு கடைசியில நின்னா. நானும் நிக்கேன்."

குடத்தை என் கையிலிருந்து வாங்கியது பாலகணேஷ்தான். சந்தின் மேட்டுப் பக்கம் கடைசிக் குடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான். அவன் போன் இரண்டு தரம் அடித்தது. எடுத்து, "லோடு ஏத்திருங்க, நான் வர நேரமாவும்" என்று மட்டும் சொன்னான். எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள் போல. "நம்ம பழைய சந்துலதான். தண்ணி பிடிச்சிக்கிட்டிருக்கேன்" என்றான்.

ஒவ்வொரு குடமாக நகர்ந்தது. பன்னிரண்டு மணி நெருங்கியது. தண்ணீர் விரல் கனத்துக்கு வந்து, அப்புறம் பென்சில் கனத்துக்கு வந்தது. மஞ்சள் குடத்தின் முறை வரும்போது நூலாக விழுந்துகொண்டிருந்தது. பாலகணேஷ் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சொட்டும் வெளியே போகாதபடி குடத்தைச் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிடித்து முடித்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நிறைந்த குடங்களை அங்கங்கே இறக்கி வைத்துவிட்டு அவரவர் படியில் உட்கார்ந்து, அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராதாமணி என் வீட்டுப் படியில், வெயிலம்மாள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெயிலம்மாள் தன் முழங்காலை விட்டுவிட்டு அவளுடைய கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் போனை உயிர்ப்பித்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒன்பதாவது பெயரைத் தேடி அழுத்தினேன்.

பாலகணேஷின் சட்டைப் பையிலிருந்து ராதாமணியின் போன் அடித்தது. ஓடி வருகிற அவசரத்தில் அவள் காரிலேயே போட்டுவிட்டு வந்ததை அவன் எடுத்து வைத்திருக்கிறான். இரண்டு கையும் குடத்தில் இருந்தன. என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"எடுக்காதலே" என்றாள் ராதாமணி. "தண்ணி வந்திருக்காம்."

ஒரே ரிங். நான் கட் செய்தேன். குடத்துக்குள் தண்ணீர் நூலாக விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. குடம் பாதி நிறைந்திருந்தது.